பல் பார்த்த கை

என் தங்கச்சி டால்பின் வளர்ச்சி பற்றிய ஆய்வை முடித்துவிட்டாள். எங்க சேரியில் கடல் உயிரியல் படித்தது அவள் ஒருத்திதான்.

மன்னார் வளைகுடாக் கரையில் டால்பினை ஓங்கில் என்பார்கள். 1972ஆம் வருசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்லக் கூடாது. அனுமதி வாங்கி, செத்து ஒதுங்கியதைத்தான் தொட முடியும். நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து, மேல்தாடை நுனியிலிருந்து வால் பிளவுவரை அளப்பாள். நீளம் ஒரு கட்டத்தில் நின்றுபோகும். அதற்குமேல் வயசைப் பல்தான் சொல்லும். பல்லை அமிலத்தில் ஊறவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்கடுக்காய்த் தெரியும். பெரும்பாலும் வருசத்துக்கு ஓர் அடுக்கு.

“செத்ததத் தொடுறது உங்களுக்குப் பழக்கந்தானே” என்று சிரித்திருக்கிறான், கூடப் படித்த ஒருவன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

எங்க தாத்தா ஊர்த்தெருவில் செத்த மாட்டை இழுத்தவர். உயிரோடிருக்கிற மாட்டின் வாயைத் திறந்து, ரெண்டு பல்லு, நாலு பல்லு என்று எண்ணி வயசைச் சொல்லிவிடுவார். சந்தைக்குப் போகிறவன் அவரைக் கேட்டுவிட்டுத்தான் போவான். திண்ணையில் மட்டும் உட்காரவிட மாட்டான். அதை யாரும் அறிவு என்று சொன்னதில்லை.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் தாத்தா பெயரைப் போட்டிருக்கிறாள். செத்த மாடு இழுப்பதை எங்க அப்பா காலத்திலேயே விட்டாச்சு. இனி எவன் கூப்பிட்டாலும் போக மாட்டோம். ஆனால் பல் பார்த்த அறிவு எங்களுடையது. அதை ஏன் விடணும்?