தூரம் நின்ற பிறகும் எரிகிறது

இதை எழுதலாமா என்று எங்களுக்குள் பல மாதம் பேச்சு நடந்தது. கூலி, பஞ்சமி நிலம், வன்கொடுமைச் சட்டம் என்று எழுதுகிற இடத்தில் இதையா எழுதுவது என்று ஆண் தோழர்கள் சிலர் கேட்டார்கள். கூலிக்குப் போகிற உடம்பைப் பற்றித்தான் எழுதப்போகிறோம். அதனால் இங்கேதான் எழுத வேண்டும்.

விஷயம் இதுதான். மாதவிடாய் நின்ற பிறகு எங்கள் பெண்களில் பலருக்குப் பெண்குறியில் எரிச்சல், அரிப்பு, வறட்சி, வலி. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். ‘கீழ எரியுது’ என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் நாங்கள் தாமிரபரணிக் கரைக்குப் போவோம். 1999-இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டு, 17 பேர் செத்தார்கள். அன்று முப்பது வயதில் ஓடித் தப்பியவர்களுக்கு இன்று ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அப்படித் தப்பிய ஒரு அக்கா, ஒரு வருடம் அஞ்சலி முடிந்து திரும்பும் வேனில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“உக்காருங்கக்கா.”

“ஏட்டி, உக்கார முடியல. நாலு வருசமாச்சு.”

முன் சீட்டு ஆண்களுக்குக் கேட்காமல்தான் சொன்னார். பின்னால் இருந்த பெண்களுக்குக் கேட்டது. ‘எனக்கும் இருக்கு’ என்று ஒருவர். பிறகு இன்னொருவர். வேன் ஊர் வந்து சேர்வதற்குள் ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள். ஐந்து பேரும் ஒரே தெரு. ஒருவருக்கு இருப்பது மற்றவருக்குத் தெரியாது.

உடம்புக்குள் நடப்பது என்ன? மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்துவிடுகிறது. பெண்குறியின் தோலும் பிறப்புறுப்பின் உள்தோலும் மூத்திரப்பாதையும் தடிமனாக, ஈரமாக இருப்பதற்கு அந்த ஹார்மோன்தான் காரணம். அது குறைந்தால் தோல் மெலிந்து, காய்ந்து, லேசாக உரசினாலே கீறல் விழும். அங்கே இயல்பாக இருக்கும் புளிப்புத் தன்மை குறைந்து, நல்ல கிருமிகள் போய், தொற்று எளிதாக வரும். மூத்திரம் போனால் எரியும். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்தத் தொந்தரவு வருகிறது என்பது உலகளவில் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்குமே, அது சில வருடத்தில் தானாக அடங்கும். இது வைத்தியம் செய்யாமல் அடங்காது.

இது எல்லாச் சாதிப் பெண்ணுக்கும் வருவதுதானே என்று கேட்பீர்கள். வரும். வந்த பிறகு அந்த உடம்பு எங்கே நிற்கிறது, எங்கே உட்காருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பாபநாசத்திலிருந்து திருவைகுண்டம் வரை கார், பிசானம் என்று இரண்டு பூவுக்கும் நடவு நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் எங்கள் பெண்கள். சேறும் தண்ணீருமாகக் குனிந்து நிற்பார்கள். நனைந்த உள்பாவாடை உடம்பிலேயே காயும். வயலில் கக்கூஸ் கிடையாது. மறைவு தேடிப் போக வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்குவார்கள். மூத்திரம் கெட்டியாக வரும்போது, மெலிந்த தோலில் அது இன்னும் எரியும். வயல் வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலை, இல்லையென்றால் பீடித்தட்டு. தட்டை மடியில் வைத்து விடியலிலிருந்து இருட்டும் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து சுற்ற வேண்டும். எரிகிற இடத்தின் மேலேயே உட்கார்ந்துதான் அன்றைய கூலி.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது சுமார் 46. மேற்கு நாடுகளில் அது 51 வாக்கில். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அன்றே நின்றுவிடும். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் வெளியே தெரிந்தது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம் என்பது அதற்கு ஒரு காரணம். கூலிக்காரப் பெண்ணின் உடம்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் வெட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு வரும் எரிச்சலை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

அடுத்தது தீட்டு. 1932-இல் ‘தி இந்து’ நாளிதழில் திருநெல்வேலி மாவட்டத்தின் புதிரை வண்ணார்களைப் பற்றிச் செய்தி வந்தது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் வெளியே வரவிடாமல் வைக்கப்பட்டவர்கள். பட்டியல் சாதியினரின் துணியை, தூரத்துணியும் பிரசவத் துணியும் உட்பட, வெளுத்தவர்கள். எங்கள் உடம்பிலிருந்து வந்த ரத்தத்தை எங்களுக்கும் கீழே ஒருவரைத் தள்ளி வெளுக்க வைத்த ஊர் இது. அந்த இடத்தைப் பற்றிப் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது என்ற பழக்கம் அங்கிருந்து தொடர்ந்து வருகிறது. தூரம் நின்றால் தீட்டு விட்டது என்பார்கள். தீட்டு விட்ட உடம்பையும் யாரும் பார்க்கத் தயாராக இல்லை.

வேனில் நின்ற அக்கா நாலு வருடத்தில் மூன்று தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். ஒரு இடத்தில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். நெல்லையில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ‘சுத்தமா இருக்கணும்’ என்று புத்தி சொல்லி மாத்திரை எழுதினார்கள். இன்னொரு இடத்தில் ‘இந்த வயசுல இதுக்கென்ன அவசரம்’ என்று நர்ஸ் சிரித்தார். மூன்று இடத்திலும் யாரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. மருந்துக்கடையில் படர்தாமரைக்குக் கொடுக்கும் களிம்பைக் கொடுத்தார்கள். வீட்டில் வேறு பிரச்சினை. வலியால் விலகிப் படுத்தால் புருசனுக்குச் சந்தேகம்.

கடைசியில் நாங்கள் இரண்டு பேர் கூடவே போய், அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டினோம். பார்த்தவுடன் தோல் வெளுத்துச் சுருங்கியிருப்பதைச் சொன்னார். சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர். தொற்றுநோய் இல்லை, அழுக்கால் வருவது இல்லை, யாரிடமிருந்தும் ஒட்டுவது இல்லை. வைத்தியம் செய்யாமல் விட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறும். குளோபெட்டசால் களிம்பை எவ்வளவு, எத்தனை நாள் தடவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அக்கா தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார். களிம்பை முழுசாக நிறுத்த முடியாது. வருடம் ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

மற்ற நான்கு பேருக்கும் அது இல்லை. இரண்டு பேருக்கு ஹார்மோன் குறைவால் வந்த வறட்சி. எஸ்ட்ரியால் கிரீமை இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை உள்ளே வைக்கச் சொன்னார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் முதலிலேயே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இன்னும் இரண்டு பேருக்குச் சர்க்கரை ஏறி, அதனால் பூஞ்சை. சர்க்கரையை மூத்திரத்தில் வெளியேற்றும் சில மாத்திரைகளாலும் பூஞ்சை வரலாம் என்பதால் மாத்திரைச் சீட்டையும் காட்ட வேண்டும். எரிச்சல் ஒன்றுதான், காரணம் மூன்று. அக்காவைக் குணப்படுத்திய களிம்பைப் பூஞ்சை உள்ளவர் தடவினால் பூஞ்சை பெருகும். அதனால்தான் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்கிறோம்.

நம் பெண்கள் இன்றே செய்யக் கூடியவை: அங்கே சோப்பு, டெட்டால், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். வயலிலிருந்து ஏறியதும் காய்ந்த பருத்தித் துணிக்கு மாறுங்கள். காய்ந்து எரிந்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம். தண்ணீர் குடியுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ஆறாத புண், கட்டி, வெள்ளைத் தழும்பு இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். நல்ல திட்டம். வருகிற தங்கைகள் ஐம்பது தாண்டிய பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு ‘கீழ எரிச்சல், அரிப்பு இருக்காம்மா?’ என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் பெண் மருத்துவர், திரை போட்ட ஒரு கட்டில், இந்த இரண்டு களிம்பும் இருக்கட்டும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மறைவான ஒரு கழிப்பிடம் இருக்கட்டும்.

ஆண் தோழர்களுக்கு: உங்கள் அம்மாவிடம் நீங்களே கேட்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று அவர் சொன்னால் ஏன், எதற்கு என்று நோண்டாமல் பஸ் ஏற்றி விடுங்கள். அன்றைய சோற்றை நீங்கள் பொங்குங்கள்.

பெண்களுக்கு: தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள். ‘பார்த்துச் சொல்லுங்க டாக்டர்’ என்று கேளுங்கள். பார்க்காமல் சீட்டு எழுதினால் வாங்காதீர்கள்.