கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கேமிங் பிசி

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கொம்பியூட்டரை நாங்கள் கேம் விளையாடத்தான் வாங்க நினைத்தோம். மூன்று பேர், ஒரு வாடகை அறை, மூன்று பேருமே கலைப்பீடம். வீட்டுக்குச் சொன்ன காரணம் வேறு: “ஆய்வுக்கட்டுரை டைப் பண்ண வேணும்.” அது முழுப்பொய்யும் இல்லை. ஆனால் ஆய்வுக்கட்டுரை டைப் பண்ண யாரும் எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்ட் தேடி அலைவதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எங்கள் வயதுக்காரருக்கு விளங்கும். 2020இல் பள்ளிக்கூடம் பூட்டியபோது சூம் வகுப்பும் போனில்தான், கேமும் போனில்தான். பெரிய கேம் எதையும் நாங்கள் விளையாடியதில்லை. யாரோ விளையாடுவதை யூரியூப்பில் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். எல்டன் ரிங் 2022 பெப்ரவரியில் வந்தது. அடுத்த மாதக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. கொம்பியூட்டர் சாமான் எல்லாமே இறக்குமதி. வீட்டில் காஸ் சிலிண்டருக்கு லைனில் நிற்கும்போது கேமிங் பிசி என்று யார் வாய் திறப்பது?

இப்போது மூன்று பேரும் சேர்ந்தால் 180,000 ரூபா தேறும் என்று கணக்குப் போட்டோம். ஒருவன் 80,000, மற்றவன் 60,000, இன்னொருவன் 40,000.

முதல் லிஸ்டை ஒரே இரவில் எழுதினோம். எல்டன் ரிங்குக்குத் தேவையான ஆகக் குறைந்த கார்ட்களில் ஒன்றாக ஆர்எக்ஸ் 580 இருந்தது. அதைச் சுற்றித்தான் மிச்சமெல்லாம். ப்ராசசர் ஐ3-12100எஃப். நாலு கோர், எட்டு த்ரெட், எங்களுக்குக் காணும். பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். அதனால்தான் விலையும் குறைவு. கார்ட் செகண்ட்ஹேண்ட். 2017இல் வந்த கார்ட் அது. எதீரியம் 2022 செப்டெம்பரில் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிக் களைத்த கார்ட்கள் நிறைய விற்பனைக்கு வந்தன. “வீட்டில கேம் மட்டும்தான் விளையாடினது” என்றார் விற்பவர். மைனிங்குக்கு ஓடியது என்று சொல்லி யார்தான் விற்பார்?

பவர் சப்ளைக்கு நாங்கள் காசே ஒதுக்கவில்லை. கேசிங்கோடு 500 வோட் சப்ளை இலவசமாக வருகிறதே! டவுனில் ஒரு கடைக்கார அண்ணைதான் அதைத் திருப்பிக் காட்டினார். “தம்பியவை, பெரிய எழுத்தைப் பாக்காதேங்கோ. 12 வோல்ற்றுக்கு நேரே எத்தினை அம்பியர் எண்டு பாருங்கோ.” 18 என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வோட். கார்ட்டும் ப்ராசசரும் இழுப்பது அந்த லைனில்தான். ஆர்எக்ஸ் 580 தனியாகவே 185 வோட் கேட்கும். மிச்சம் 31. கணக்குப் பாடத்தை விட்டுத்தானே ஆர்ட்ஸுக்கு வந்தோம் என்று பகிடி விட்டாலும், அன்றைக்கு மூவருக்கும் கொஞ்சம் பயம் வந்தது.

லிஸ்ட் மாறியது அதனால் மட்டுமில்லை.

40,000 தருவதாகச் சொன்னவனுக்கு அன்றிரவு வீட்டிலிருந்து கோல் வந்தது. அவன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பான். “தம்பி, சீட்டுக்காசு எடுத்திட்டன். நாளைக்கு உன்ர புத்தகத்தில போட்டுவிடுறன். அது வேண்டினா பிறகு வேலைக்கும் உதவுமோ?” அவனுடைய அம்மா சட்டை தைத்து மாதாமாதம் கட்டிய சீட்டு அது. “ஓம் அம்மா” என்றான். லிஸ்ட் எழுதிய கொப்பி எங்களுக்கு நடுவில் பாயில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

கோல் முடிந்ததும் மற்ற இருவரும் சொன்னோம்: “மச்சான், உன்ர நாற்பது வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் போட்டுச் சின்னதா ஒண்டு வேண்டுறம். நீயும் பாவிக்கலாம்தானே.”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “பாவிக்கலாமோ? அப்ப நான் உங்கட பெட்டியைக் கேட்டுக் கேட்டுப் பாவிக்கிறதோ?”

நல்லவர்களாக நடந்துகொள்வதாகத்தான் நினைத்தோம். அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்பது அவன் கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்றிரவு பெரிதாகக் கதையில்லை. விடிய, பிளேன்ரீ குடிக்கும்போது அவனே சொன்னான்: “காசை விடுங்கடா. அம்மாட்ட சொன்னது பொய்யாகாத மாதிரி லிஸ்டை மாத்துவம்.”

மாற்றினோம். இம்முறை ‘எந்தக் கேம் ஓடும்’ என்று தொடங்கவில்லை; ‘எது பழுதானால் எல்லாம் நின்றுவிடும்’ என்று தொடங்கினோம். பழைய லிஸ்டில் அதற்கான பதில் செகண்ட்ஹேண்ட் கார்ட். அது செத்தால் எஃப் ப்ராசசரில் திரையில் படமே வராது. கேமும் போய், ஆய்வுக்கட்டுரையும் போய்விடும். ஆகவே உள்ளுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஒரு குறை இருக்கிறது: சாதாரண 5600இல் எல்3 கேஷ் 32 எம்பி, இதில் 16 தான். பிறகு நல்ல கார்ட் போட்டாலும் கேமில் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கும். அதைத் தெரிந்துதான் எடுத்தோம்.

ராம் 16 ஜிபி. ஒரே துண்டாக இல்லாமல் எட்டு எட்டாக இரண்டு. உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுக்கும். இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதையிலும் தகவல் ஓடும், கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இது செலவில்லாமல் கிடைக்கிற வேகம். மதர்போர்ட் பி550, பிறகு கார்ட் போடலாம் என்ற நம்பிக்கையில். பவர் சப்ளை தனியாக, 80 பிளஸ் புரொன்ஸ், 12 வோல்ற் அம்பியரைப் பார்த்து. புரொன்ஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காது என்பதற்கான சான்று மட்டுமே. அம்பியரை நாங்கள்தான் பார்க்க வேண்டும். கார்ட்டுக்கு ஒதுக்கியதில் ஒரு சின்ன யூபிஎஸ். கரண்ட் போனால் சேவ் பண்ணி நிறுத்த நேரம் தரும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினால் கொஞ்சம் மலிவு என்றார்கள். ஆனால் ஒரு ராம் பழுதானாலும் வொரண்டிக்கு இரவு பஸ் எடுத்துக் கொழும்புக்குப் போக வேணும். டிக்கெற் காசைக் கூட்டிப் பார்த்தோம். யாழ்ப்பாணத்திலேயே வாங்கினோம், அம்பியர் காட்டித் தந்த அண்ணையிடம்.

இப்போது வலரன்ட் நன்றாக ஓடுகிறது. ஜிடிஏ 5 செற்றிங்ஸைக் குறைத்தால் ஓடுகிறது. எல்டன் ரிங் கேட்கிற கார்ட் எங்களிடம் இல்லை. அதை இன்னும் யூரியூப்பில்தான் பார்க்கிறோம். கவலை இல்லை என்று சொன்னால் அது அடுத்த பொய்.

பூட்டி முடித்த இரவு அவன் வீடியோ கோல் எடுத்துப் பெட்டியைக் காட்டினான். அம்மா உற்றுப் பார்த்தார். “அது ஏன் தம்பி உள்ளுக்கை கலர் கலரா லைற் எரியுது? திருவிழா மாதிரி?”

கேசிங்கோடு வந்த விசிறிகள். “அது ஃபேன் அம்மா. சூடு ஏறாமல் இருக்க.”

“சரி, மூண்டு பேரும் கவனமாப் படியுங்கோ.”

கோலை வைத்துவிட்டு அவன் முதல் அத்தியாயத்தைத் திறந்தான். அவன் டைப் பண்ணி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பின்னால் பாயில் இருந்தோம், எங்கள் முறைக்காக.