பாகுக்குக் கடிகாரம் தெரியாது

பங்குனி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கண்மாய்களில் தரை வெடித்துக் கிடக்கும். கரையில் நிற்கும் பனைகளுக்கு மட்டும் அதுதான் சுரக்கும் காலம்.

பாளையைச் சீவிக் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் பதநீர்; விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். கள் இறக்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. அந்த ஒரு விரல் சுண்ணாம்பில் பனையேறிக்குச் சட்டமும் அடக்கம். கூடினாலும் வம்புதான், கருப்பட்டி கறுத்துச் சுவை கெடும்.

இறக்குவது ஆணின் பாடு என்றால் காய்ச்சுவது பெண்ணின் பாடு. திருச்சுழி பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஓலைக் கொட்டகைக்குள் அடுப்பெரிக்கும் அந்த அம்மாவிடம் கல்லூரியில் படிக்கும் மகள் கேட்டாள்: "எத்தனை நிமிஷம்மா காய்ச்சணும்?"

"நிமிஷத்த யாருடி பாத்தா? நுரையப் பாரு."

வடிகட்டிய பதநீர் முதலில் வெள்ளை நுரையாகப் பொங்கும். பாகாகும் நேரம் சட்டென்று மேலே ஏறி வழியப் பார்க்கும். அப்போது இடித்த ஆமணக்கு முத்து கொஞ்சம் போட்டால் பொங்கல் அப்படியே அடங்கிவிடும். நுரையை உடைப்பது அதிலுள்ள எண்ணெய். இரண்டு, மூன்று மணி நேரம் இப்படி நின்றால், பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கருப்பட்டி கிடைக்கும். ஒரு கலயம் புளித்திருந்தாலும் பாகு இறுகாது, அத்தனை விறகும் வீண். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டுவார்கள். உருண்டையானால் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் அரை நொடி கண்ணயர்ந்தாலும் தீய்ந்துவிடும்.

சுக்கும் மிளகும் இறக்கும் சமயத்தில்தான். முன்பே போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்: ஹாப்ஸ் பூவைக் கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு, கடைசி நிமிடங்களில் போட்டால் வாசம். அவர்கள் கையில் கடிகாரம். இந்த அம்மாவுக்குப் புகையில் சிவந்த கண்.

"சீனி கலந்தா சீக்கிரம் இறுகுமாமே, நமக்கு விறகாவது மிஞ்சும்ல?" என்றாள் மகள்.

"அத வாங்கிட்டுப் போறவுக பிள்ளத்தாச்சிக்குக் குடுக்காகடி" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைத் துழாவினார் அம்மா. கலப்படத்துக்கு எதிராக இதைவிட நல்ல வாதம் கிடையாது. ஆனால் சந்தையில் கலப்படச் சரக்கு மலிவாகக் கிடக்கும்போது, இவர் சரக்கின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள்தான் அதிகம்.

பாகைச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டாயிற்று. வீட்டுக்காரர் போன வருடம் முப்பது மரம் ஏறினார். இந்த வருடம் முழங்கால் வலி, பதினெட்டோடு நிறுத்திவிட்டார். மகன் அருப்புக்கோட்டையில் மில் வேலைக்குப் போகிறான். மீதிப் பனைகளில் பாளை சீவ ஆள் இல்லை.