உம்மம்மாவின் வயது

ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் 365 என்பீர்கள். ஹிஜ்ரிக் கணக்கை நினைவில் வைத்திருப்போர் 354 என்றும் சொல்லக்கூடும். இரண்டும் சரியே. ஆனால், சென்ற ஷஃபான் மாதத்தில் என்னிடம் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வேறொரு கணக்கைக் கேட்டான். அவனிடம் நான் நடந்துகொண்ட விதத்தை எண்ணி இன்றும் நாணுகிறேன்.

அன்று மாலை யாஸீன் சூராவின் பொருளை விளக்கிக்கொண்டிருந்தேன். சூரியனும் சந்திரனும் தத்தம் வட்டத்தில் நீந்திச் செல்வதாக இறைவன் கூறும் இடம் வந்தது. சிறுவன் எழுந்தான். "ஹஜ்ரத், மற்றக் கோள்களெல்லாம் சூரியனை ஒருமுறை சுற்ற எத்தனை வருஷம் ஆகும்? எங்கள் உம்மம்மா அங்கே இருந்தால் அவர்களுக்கு என்ன வயது?"

பிள்ளைகள் சிரித்துவிட்டனர். நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நாவு எழவில்லை. "இது ஓதும் இடம். இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேள்" என்று அதட்டி உட்கார வைத்தேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவன் வாயே திறக்கவில்லை.

இஷாத் தொழுகை முடிந்து படுத்தால் உறக்கம் வரவில்லை. அந்தக் கேள்வி வேறெங்கிருந்தோ வந்ததன்று. நான் நடத்திய பாடத்திலிருந்தே பிறந்தது. எழுந்து, என் மகளின் அறிவியல் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன்.

புதன் சூரியனைச் சுற்ற 88 நாள்கள். ரஜப் பிறை ஒன்றில் அது புறப்படுவதாகக் கொண்டால், நாம் ஷவ்வால் பிறைக்காக வானத்தைப் பார்த்து நிற்கும் வேளையில் ஒரு சுற்றை முடித்திருக்கும். வெள்ளிக்கு 225 நாள்கள். ஆனால், அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள 243 நாள்கள் ஆகின்றன. செவ்வாய்க்கு 687 நாள்கள். வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள், சனிக்கு இருபத்தொன்பதரை ஆண்டுகள். சனியின் காலத்தைப் பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு வரும். சனிப்பெயர்ச்சி என்று அண்டை வீட்டார் சொல்லும் கணக்கு இதுவே. நம்மவருள்ளும் சிலர் அதைக் கேட்டு உள்ளூர நடுங்குவதுண்டு. சுற்றும் காலம் உண்மை, அச்சத்திற்குத்தான் ஆதாரமில்லை.

யுரேனஸுக்கு 84 ஆண்டுகள். நெப்டியூனுக்கு 165 ஆண்டுகள். நெப்டியூனை 1846இல் பெர்லின் வானாய்வுக்கூடத்தில் கண்டறிந்தார்கள். அதன்பின் அது முதல் சுற்றை நிறைவு செய்தது 2011இல்தான். அதை முதன்முதலில் கண்டவர்களில் ஒருவரும் அப்போது உயிருடன் இல்லை.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நெப்டியூன் பூமியைப் போல் 30 மடங்குத் தொலைவில் இருக்கிறது. பாதையும் 30 மடங்குதான் நீளம். அப்படியானால் 30 ஆண்டுகள் போதாவா? போதா. தொலைவு கூடக் கூடச் சூரியனின் ஈர்ப்பு தளர்கிறது. கோளின் ஓட்டமும் மெதுவாகிறது. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் விரைகிறது. நெப்டியூன் ஐந்தரை கிலோமீட்டர்தான். கெப்ளர் 1619இல் வெளியிட்ட விதி இதைக் கணக்காகவே தருகிறது. 30 என்பதை மும்முறை வைத்துப் பெருக்கினால் 27,000. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் ஏறத்தாழ இத்தொகை வருமோ, அதுவே அக்கோளின் ஆண்டு. 165ஐ 165ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஏறத்தாழச் சரியாக வந்தது! நள்ளிரவில் தனியே அமர்ந்து சுப்ஹானல்லாஹ் என்றேன்.

கூடவே வெட்கமும் வந்தது. 929ஆம் ஆண்டு மறைந்த அல் பத்தானி, சிரியாவின் ரக்கா நகரிலிருந்து, தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே சூரிய ஆண்டை 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 விநாடி என்று கணித்தார். இன்றைய கணக்குக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மூன்று நிமிடம்கூட இல்லை. அவருடைய பெயரைப் படித்துத் தேர்வெழுதியவன் நான். அப்படிப்பட்டவனா அந்தப் பிள்ளையை உட்கார வைத்தேன்?

மூன்றாம் நாள் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், "அன்று எனக்கு விடை தெரியவில்லை, அதனால்தான் அதட்டினேன்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. உம்மம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டேன். "84" என்று மெல்லச் சொன்னான். கரும்பலகையில் எழுதினேன்: ஹிஜ்ரிக் கணக்கில் 86 நிறைந்து 87 நடக்கிறது. புதனில் 348. வியாழனில் 7, தொழுகையைக் கற்பிக்கத் தொடங்கும் வயது. யுரேனஸில் இப்போதுதான் ஒன்று. நெப்டியூனில் அரை வயது. அப்போதுதான் அவன் சிரித்தான்.

மறுநாள் அம்மூதாட்டியிடமிருந்து செய்தி வந்தது. "நெப்டியூனில் நான் பால்குடிப் பிள்ளையென்றால், எனக்கு நோன்பு கடமையா என்று உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டு வா." முதுமையால் இயலாதோருக்கு ஃபித்யா எனும் சலுகை இருப்பதை அவரும் அறிவார். ஆயினும் ரமலான் முதல் நாள், "உம்மம்மா இன்று நோன்பு" என்று பையன் பெருமையுடன் வந்து சொன்னான்.

அதோடு போகவில்லை. "ஹஜ்ரத், செவ்வாய்க்கு இரண்டு நிலவாமே? அங்கே எந்தப் பிறையைப் பார்த்து நோன்பு பிடிப்பது?"

ஒரே நிலவை வைத்துக்கொண்டே ஊருக்கு இரண்டு பெருநாள் கொண்டாடுகிறவர்கள் நாம். "எனக்குத் தெரியாதப்பா, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.