எடைக்கு அகப்படாத வேலை

திருச்சி உறையூரில் ஒரு விறகுக் கடைக்கு நான் போனபோது புரட்டாசி முடியும் தறுவாய். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கட்டைகளைப் பிளந்து அடுக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் பரபரப்பாக இருந்தார்கள். நார்வேயிலும் பின்லாந்திலும் வீட்டைச் சூடாக்கக் குளிர்காலத்துக்கு முன்பே விறகு சேர்ப்பார்கள். திருச்சியில் குளிருக்காக யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. இங்கே கெடு வைப்பது மழைதான். வீடுகள் கேஸுக்கு மாறிவிட்டாலும் கல்யாணச் சமையல், பிரியாணிக் கடை, சாயப்பட்டறை, ஓயாமரி சுடுகாடு என்று விறகு கேட்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. மழை விடட்டும் என்று காத்திருக்கிற வேலை அவற்றில் ஒன்றும் இல்லை.

கடையில் பெரும்பகுதி சீமைக்கருவேலம், மிச்சம் சவுக்கும் புளியும். சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக்கு வந்த மரம். சவுக்குத் தோப்புகளையும் அதே நூற்றாண்டில்தான் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டிக் கடலோரத்தில் போட்டார்கள்.

கட்டை பிளக்கும் பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். இடது கண்ணுக்குக் கீழே சிராய் தெறித்த பழைய வடு. கோடாலியைத் தொடுமுன் கட்டையை உருட்டி உருட்டிப் பார்த்தார். வெட்டுவாயில் நடுவிலிருந்து பட்டையை நோக்கி மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதில் நகத்தை வைத்துக் காட்டி, "இதுவே வழி சொல்லுது தம்பி, நாம ஏன் வேற பக்கம் போவணும்?" என்றார். வெடிப்பின் மேல் ஒரே போடு. கட்டை இரண்டாக விழுந்தது.

அடுத்து வந்தது கணுக்கட்டை. கோடாலி அதில் பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. அதை மெல்ல அசைத்து எடுத்துவிட்டு, இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். அடி விழ விழ உள்ளே நார் பிரியும் சடசடப்பு கேட்டது. கேட்டதும் நிறுத்தி, இன்னோர் ஆப்பைக் கணுவுக்கு அந்தப் பக்கம் இறக்கினார். நேர்க்கட்டை நாலைந்தைப் பிளக்கிற நேரத்தை இந்த ஒன்றே தின்றுவிட்டது. கூலி எடைக்குத்தான், கணுவுக்கென்று தனியாக ஒரு ரூபாய் கிடையாது. இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிளந்ததை அடுக்குவதும் அவர் பொறுப்பு. கரையான் ஏறாமலிருக்க அடியில் குறுக்குக் கட்டைகள், அதன் மேல் காற்றுப் புக இடைவெளி விட்டு வரிசைகள். சரியாமலிருக்க இரு ஓரங்களிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிறார். மேல்வரிசையில் பட்டை வானத்தைப் பார்க்க வேண்டும். தார்ப்பாயை மேலே மட்டும் போடுகிறார். சுற்றிலும் மூடினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடித்துவிடும். பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும் என்பதால்தான் உருட்டுக்கட்டையைவிடப் பிளந்த விறகு சீக்கிரம் காய்கிறது. ஈர விறகை அடுப்பில் வைத்தால், அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தைப் புகை கெடுக்கும்.

இவ்வளவு அக்கறைக்கும் எதிராக நிற்பது தராசு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ விறகு 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் 75 கிலோதான் தேறும். காயவைத்து விற்பவருக்கு 25 கிலோ நஷ்டம். பச்சையாகத் தள்ளுபவர் தண்ணீருக்கும் காசு வாங்கிவிடுகிறார். பொறுமையாக அடுக்கிக் காத்திருப்பதைத் தண்டிக்கிற வியாபார முறை இது.

பேசிக்கொண்டிருந்தபோது சாயப்பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். சாயத்தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல: 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழாய்வு செய்தபோது, செங்கல்லால் கட்டிய பழங்காலச் சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. வந்தவர் இரண்டு விறகுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'டங்'கென்றால் காய்ந்தது, 'தொப்'பென்றால் ஈரம். "தொட்டியில நூல் கிடக்கும்போது சூடு இறங்குனா, சாயம் திட்டுத் திட்டாப் புடிக்கும் சார். அதான் ரெண்டு ரூபா கூடன்னாலும் காஞ்சதையே எடுத்துக்குறேன்" என்றார்.

அந்தக் கூடுதல் காசில் அடுக்கியவருக்குப் பங்கு உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டேன். இல்லை என்று அவர் மறைக்காமல் சொன்னார். கணுக்கட்டைக்காவது தனிக் கூலி போடலாமே என்றதற்கு, தீபாவளி கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். பெரியவர் அதற்குள் அடுத்த கட்டையை உருட்டிக்கொண்டிருந்தார்.