வினாவின் பிழை

அயோத்தியாப்பட்டணத்தில் மறைக்கல்வித் தேர்வுத் தாள்களை நாம் திருத்தியபோது, “புனித சூசையப்பரின் தந்தை யார்?” என்ற வினாவிற்கு ஒரு சிறுமி “ஏலி” என எழுதியிருந்தாள். தயங்காமல் சிவப்பு மையால் அடித்தோம்; மத்தேயு யாக்கோபு என்கிறாரே! அவளோ லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தை விரித்துக் காட்டினாள். நமக்கு நாவெழவில்லை.

2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாள் நினைவுக்கு வந்தது. அதில் சிறுத்தை ‘சீத்தா’ ஆகியிருந்தது. 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைக்காக 196 மதிப்பெண் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணித்தது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானதாம். தமிழில் மட்டுமே படித்த பிள்ளை என் செய்யும்?

நம் சிறுமிக்கு நாமே நீதிமன்றம். மதிப்பெண்ணைத் திருத்தி எழுதினோம். பரிசோ முந்தின ஞாயிறே வேறொருத்தியின் கைக்குப் போய்விட்டிருந்தது.