கூடத்திற்கு வந்த பூதம்

பேய்ப்படம் என்றாலே முகஞ்சுளிக்கும் நேயர்கள் நம் சங்கத்தில் பலர் உளர் என்பதை அறிவோம். நாங்களும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆயினும் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மாதுங்காவிலுள்ள எங்கள் சிறு கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். கடைத்தெருவில் யாரோ ஒருவர் சட்டையில் அப்பூதத்தின் முகத்தைக் கண்டு, அது யார் என்று எங்கள் பேத்தி ஓயாது கேட்டதே காரணம்.

அவளுக்கு ஒன்பது வயது. மகனுக்கு மாற்றலாகி, திருநெல்வேலியிலிருந்து எல்லோரும் இங்கு வந்து மூன்று திங்களே ஆகின்றன. பள்ளி எப்படி என்று கேட்டால், “நன்றாக இருக்கிறது” என்பாள். நாங்களும் நம்பினோம்.

படத்தின் தொடக்கத்தில் ஒருவர் திரைக்கு முன்னே வந்து, நெஞ்சுரம் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை கூறுகிறார். எங்களுள் ஒருவர் அவ்வேளையில் வறுத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்ததால், அது பாதிதான் காதில் விழுந்தது. கொட்டகையில் அருகிருப்பவர் அலறுவதைக் கேட்டு நாமும் அலறுவோம். வீட்டில் அந்த அச்சம் நிலைப்பதில்லை. இப்படத்தில் தொடக்கமும் முடிவும் நீங்கலாகப் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. ஆகவே மின்விசிறியின் ஓசையும் தொலைவில் ஓடும் மின்சார இரயிலின் ஓசையும் படத்தோடு கலந்துவிடுகின்றன. அச்சம் விலகியபின் கண் அம்முகத்தின்மீது நிலைக்கிறது.

அம்முகம் பாரிஸ் கார்லாப் என்னும் நடிகருடையது. ஒப்பனை செய்தவர் ஜாக் பியர்ஸ். தொடக்கப் பெயர்ப்பட்டியலில் கார்லாபின் பெயர் இராது. பூதத்திற்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டுமே உண்டு. பிராங்கன்ஸ்டைன் என்பது அதைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். பூதத்திற்குப் பெயரே இல்லை. 1818-இல் மேரி ஷெல்லி வெளியிட்ட நாவலில் அது நன்றாகவே பேசும். படம் எடுத்தோர் அதன் பேச்சைப் பறித்துவிட்டனர். எங்களுக்கு முதலில் அது குறையாகவே பட்டது.

இருட்டறையில் வளர்ந்த அவ்வுரு, மேற்கூரை திறந்து ஒளி விழும்போது இரு கைகளையும் உயர்த்தி அதைப் பிடிக்க முயல்கிறது. பின்னர் ஏரிக்கரையில் ஒரு சிறுமி அதற்குப் பூக்களைக் கொடுத்து, நீரில் மிதக்கவிடக் கற்றுத்தருகிறாள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்றெண்ணி அவளையே தூக்கி எறிந்துவிடுகிறது. அவளை நோக்கிக் கை நீளும் இடத்தோடு அக்காட்சியைத் தணிக்கையார் முன்னாளில் வெட்டியிருந்தனராம். 1980-களில்தான் மீண்டும் சேர்த்தனர். வெட்டியதனால் பார்ப்போர் அதைவிடக் கொடியதையே கற்பனை செய்திருப்பர்.

பேத்தி கடலையைத் தொடாமல் இருந்தாள்.

“தாத்தா, அதற்கு ஏன் ஒருவரும் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை?”

நாங்கள் விடை தேடுமுன் அவளே மெல்லச் சொன்னாள்: “வகுப்பில் நானும் பேசுவதில்லை, ஆச்சி. பேசினால் சிரிக்கிறார்கள். ஊமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.”

கொட்டகையாயின் படம் யாருக்காகவும் நிற்காது. இங்கே பொத்தானை அழுத்தி நிறுத்தினோம், விளக்கையும் ஏற்றினோம். மூன்று மாதச் செய்தி அன்றுதான் வெளிவந்தது. இந்தியும் மராத்தியும் பாதி புரிகின்றனவாம். வாய் திறந்தால் மட்டும் சொல் வருவதில்லையாம். நாற்பதாண்டுகளுக்கு முன் இந்நகருக்கு வந்த நாங்கள் இதை ஊகித்திருக்க வேண்டாமா? மாதுங்காக் கடைவீதியில் எங்களுக்குத் தமிழே போதுமானதாயிருந்தது. ஆனால் அலுவலகத்தில் எங்களுள் ஒருவர் முதலாண்டைத் தலையசைத்தே கழித்தார். அக்கதையை மகனிடம்கூடச் சொன்னதில்லை. அன்றிரவு பேத்தியிடம் சொன்னோம். எந்த இடங்களில் தவறாகத் தலையசைத்தார் என்பதையும் சேர்த்து. அவள் வெகுநேரம் சிரித்தாள்.

பிறகு மீதிப் படத்தையும் பார்க்கவேண்டும் என்றாள். ஊரார் தீப்பந்தங்களோடு துரத்த, காற்றாலை எரிய, படம் முடிந்தது.

“செத்துவிட்டதா?”

இல்லையென்றோம். 1935-இல் இதன் தொடர்ச்சியாக வந்த படத்தில் அது பிழைத்திருக்கிறது. காட்டில் தனித்து வாழும் கண்ணிழந்த கிழவர் ஒருவர் அதற்கு ரொட்டி, நண்பன் எனச் சில சொற்களைக் கற்பிக்கிறார் என்றும் கூறினோம்.

“அப்படியானால் அடுத்த சனிக்கிழமை அதுதான்” என்று சொல்லிவிட்டு, வேர்க்கடலைத் தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.